எண்ணெய் குடித்த மண்ணும் செடிகளின் தலையில் விழும் பாரமும்

எண்ணெய் கொட்டிய மண்ணில் வெட்டிவேரை நட்டால் போதும், அது எண்ணெயை உறிஞ்சி மண்ணைச் சுத்தமாக்கிவிடும் என்று ஒரு பேச்சு கொஞ்ச நாளாக நம் கூட்டங்களில் அடிபடுகிறது. இயற்கை வழி என்பதால் நமக்கு உடனே பிடித்தும் போகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாமல் விடுவதால் உழவருக்கும் மண்ணுக்கும் கேடு வரும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான பாதி. செடி எண்ணெயைக் குடிப்பதில்லை. டீசலோ கச்சா எண்ணெயோ தண்ணீரில் கரையாத பொருள். வேர் அதைத் தண்ணீர் போல இழுத்துக்கொள்ள முடியாது. வேலை செய்வது வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள். வேர் தன் பங்குக்குச் சர்க்கரை, அமிலம் எல்லாம் கசியவிடும். அதைத் தின்னக் கூடுகிற கோடிக்கணக்கான பாக்டீரியாவில் சில வகை எண்ணெயையும் தின்னும். டீசலும் அடிப்படையில் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிதானே? அதை உடைத்துத் தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் விட்டுவிடுகின்றன. வேர் இறங்கும் வழியில் மண்ணுக்குக் காற்று கிடைக்கிறது. காற்று இல்லாவிட்டால் இந்த உயிர்களின் வேகம் படுத்துவிடும். செடி அடுப்பை மூட்டி வைக்கிறது, சமைப்பது வேறு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எந்தச் செடி சிறந்தது என்ற கேள்விக்கு நேரான பதில், சல்லிவேர் நிறைய விடுகிற புல் வகை. வெட்டிவேர் நல்லது, ஆழம் போகும். ஆனால் நம் வரப்பில் இருக்கிற அருகம்புல்லும் சோளமும் குறைந்தவை இல்லை. இவற்றோடு தக்கைப்பூண்டு, சணப்பை மாதிரி தழைச்சத்து கொடுக்கும் பயிரைச் சேர்த்தால் இன்னும் நல்லது. ஏன் என்றால், எண்ணெய் விழுந்த மண்ணின் முதல் நோய் பசி. கரி மட்டும் மலையாகக் குவிந்துவிட்டது, தழைச்சத்து இல்லை. மட்காத மரத்தூளை வயலில் போட்டால் பயிர் மஞ்சளாகிறதே, அதே கதைதான் இது, பல மடங்கு பெரிதாக.

இந்தப் பசியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் கிடைக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 700 கிராம் கரி இருக்கிறது. நூறு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்து என்பது இந்த வேலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 70 கிராம் தழைச்சத்து வேண்டும். நன்கு மக்கிய தொழுவுரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால் 14, 15 கிலோ உரம். கடலைப் பிண்ணாக்கு என்றால் ஒரு கிலோவில் முடிந்துவிடும். ஒரு லிட்டருக்கே இவ்வளவு! பம்புசெட் ஓரத்தில் கேன் சாய்ந்த டீசலுக்கு இது முடியும். குழாய் உடைந்து ஏக்கர் கணக்கில் கச்சா எண்ணெய் பரவிய வயலுக்கு ஒரு உழவர் எங்கே போவார்?

2017 ஜூன் 30 அன்று கும்பகோணம் பக்கம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிந்த எண்ணெய் வயலில் பரவியதை நாம் மறக்கவில்லை. ஊர் மக்கள் திரண்டார்கள், தடியடி நடந்தது, கைது நடந்தது. 2020-இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளும் குழாய்களும் அப்படியேதான் இருக்கின்றன. இந்த நிலையில் "செடி வைத்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சு யாருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். கொட்டியவனுக்கு அது ஒரு வசதியான வாசகம். பச்சைப் பசேலென்று படம் எடுத்துப் போடலாம். செலவும் குறைவு. மூன்று வருடம் நிலம் சும்மா கிடப்பது உழவர் கணக்கில் போய்விடும்.

நம்மாழ்வார் ஐயா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாமாகக் கற்பனை செய்யத் தேவையில்லை. அவர் செய்த வேலை நம் முன்னால் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் உப்பேறிப் போன வயல்களைத் தக்கைப்பூண்டும் பிற பசுந்தாள் பயிர்களும் போட்டு மீட்ட வேலையில் அவர் முன்னே நின்றார். இனிப் பல வருடம் விளையாது என்று கைவிட்ட நிலங்கள் அவை. அந்த அனுபவத்தை வைத்து எண்ணெய்க்கும் அப்படியே பல தானிய விதைப்பு போடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உப்பு மழையில் கரைந்து கீழே இறங்கும், வடிந்து போகும். எண்ணெய் அப்படிப் போகாது. அதை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். இன்னொன்று, கடல் யாரையும் கேட்டு வரவில்லை, அதன்மேல் வழக்குப் போட முடியாது. எண்ணெய்க்கு முதலாளி இருக்கிறான்.

நுண்ணுயிர் விற்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கு வங்கத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி என்ற அறிவியலாளர் 1970-களின் தொடக்கத்தில் எண்ணெயைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை கேட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு அதுதான். பின்னாளில் விதைக்குள் கம்பெனிகள் புகுந்த வழியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கிவிடப்படவே இல்லை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரை தட்டி நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தபோது, கரையில் செய்தது என்ன தெரியுமா? தழைச்சத்தும் மணிச்சத்தும் தெளித்தார்கள். அங்கேயே இருந்த நாட்டு நுண்ணுயிர் பெருகித் தின்ன ஆரம்பித்தது. நாம் மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் சொல்கிற கொள்கையேதான்: வெளியிலிருந்து ஆள் கொண்டுவராதே, இருக்கிறவனுக்குச் சோறு போடு. டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் போன்ற பாக்டீரியாக் கலவைகள் நம் நாட்டு எண்ணெய் வயல்களில் நிஜமாகவே பயன்பட்டிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. பெரிய சேறு குளங்களுக்கு அது சரி. பத்து லிட்டர் சிந்திய தோட்டத்துக்கு டப்பா வாங்க வேண்டாம் என்கிறேன்.

அதே அலாஸ்காவில் இன்னொரு பாடமும் உண்டு. கரைக்கு அடியில் காற்றுப் புகாத இடத்தில் சிக்கிய எண்ணெய் பல பத்தாண்டுக்குப் பிறகும் தோண்டினால் வருகிறது.

இப்போது எங்கள் பள்ளிக்கரணைக்கு வருகிறேன். இங்கே கச்சா எண்ணெய்க் குழாய் உடையவில்லை. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் ஏறியது. வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. மீனவர்கள் கையால், வாளியால் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். தெற்கே எங்கள் பக்கம் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் தெருக்களில் ஆயிரக்கணக்கான வண்டிகளும் மெக்கானிக் ஷெட்டுகளும் ஜெனரேட்டர்களும் மூழ்கிக் கிடந்தன. அவற்றிலிருந்து வந்த எண்ணெய் எங்கே போகும்? சதுப்பு நிலத்துக்குத்தான். முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக அதே பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்து கோவளம் கழிமுகத்துக்குப் போகிறது. எண்ணூரில் நடந்தது செய்தியானது. இங்கே புயலே இல்லாத நாளிலும் சொட்டுச் சொட்டாக நடக்கிறது, செய்தி ஆவதில்லை.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பு நிலம் இது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது 1,247 ஹெக்டேர் என்று கணக்கு. அதன் விளிம்பில்தான் பெருங்குடி குப்பைமேடு பல பத்தாண்டு காலம் வளர்ந்தது. கழிவுநீர், குப்பையிலிருந்து வடியும் கருப்புத் தண்ணீர், ரோட்டு எண்ணெய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சம்பும் கோரையும் நாணலும் நிற்கின்றன. சம்பு சும்மா நிற்கிற செடி இல்லை. அதன் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. இலை வழியே காற்றை வாங்கிச் சேற்றுக்கு அடியில் இருக்கும் வேர் வரை கொண்டுபோகும். காற்றே இல்லாத சேற்றில் வேரைச் சுற்றி மட்டும் ஒரு விரல்கடை காற்றோட்டம். அங்கேதான் எண்ணெய் தின்னும் உயிர்கள் வாழ்கின்றன.

ஓமன் நாட்டில் நிம்ர் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெய் கலந்த தண்ணீரை நாணல் பாத்திகளில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். நாள் ஒன்றுக்கு 1 லட்சம் கன மீட்டருக்கு மேல். பாலைவனத்தின் நடுவில் முந்நூறு ஹெக்டேருக்கு மேல் பாத்தி கட்டி, எண்ணெயை முதலில் பிரித்தெடுத்து, மிச்சத்தை மட்டும் நாணலுக்கு விடுகிறார்கள். செடியால் முடியும் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அங்கே அந்த வேலைக்கென்று நிலம் ஒதுக்கி, எண்ணெய்த் தொழிலின் செலவில் செய்கிறார்கள். நாம் பறவை வந்து தங்கும், மீன் குஞ்சு பொரிக்கும், ஊருக்கே நிலத்தடி நீர் கொடுக்கும் ஒரு சதுப்பு நிலத்தைக் கேட்காமல் கொள்ளாமல் சாக்கடைப் பாத்தியாக்கி வைத்திருக்கிறோம். "சதுப்பு நிலம் நகரத்தின் சிறுநீரகம்" என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாசகம் பிடிப்பதில்லை. சிறுநீரகம் இருக்கிறது என்பதற்காக யாரும் விஷம் குடிப்பதில்லை.

இதனால் உழவருக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வருகிறது, வண்டல் வழியாக. ஏரி வண்டல் நமக்குத் தங்கம்; கோடையில் வண்டல் அடித்த வயல் எப்படி விளையும் என்று தாத்தா காலத்திலிருந்து தெரியும். இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிற நண்பர்கள் தாம்பரம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் மனை அளவு நிலம் எடுத்தோ, தள்ளிச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கியோ, முதல் வேலையாக வண்டல் தேடுகிறார்கள். கிராமத்து ஏரி வண்டலை அள்ளுங்கள், கவலையில்லை. புறநகர் ஏரியின் வண்டலை ஒரு லோடு என்றாலும் யோசித்து அடியுங்கள். ரோட்டு எண்ணெயும் கழிவுநீரும் இத்தனை வருடம் படிந்த இடம் அது.

மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம், நன்றாக இருக்கிறது என்று அட்டை வந்தது என்று சிலர் சொல்லலாம். மண்வள அட்டை பன்னிரண்டு விஷயம் பார்க்கும். பெட்ரோலிய எண்ணெய் அதில் கிடையாது. இன்னும் கொடுமை, எண்ணெயும் கரிதான் என்பதால், எண்ணெய் குடித்த மண்ணுக்கு அங்ககக் கரிமம் கூடுதலாகக் காட்டக்கூடும். அட்டையில் "அதிகம்" என்று பார்த்துவிட்டு சந்தோஷப்படுவோம்.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி மண் போட்டுக் கலக்கி அரை மணி விடுங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் வந்தால் குச்சியால் தொடுங்கள். கண்ணாடி உடைவது போல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை. நெல் வயலிலும் சதுப்பிலும் சாதாரணம், பயப்பட வேண்டாம். குச்சியை எடுத்ததும் மறுபடி ஓடிவந்து சேர்ந்துகொண்டால் எண்ணெய். அடுத்து முளைப்பு. அந்த மண்ணில் ஒரு சட்டி, உங்கள் தோட்டத்து நல்ல மண்ணில் ஒரு சட்டி, இரண்டிலும் ஐம்பது பாசிப்பயறு. பத்து நாளில் வித்தியாசம் தெரியும். காய்ந்த மண்ணில் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நின்றாலும் சந்தேகப்படுங்கள். இவை ஆய்வகத்துக்கு ஈடாகாது, ஆனால் லாரியைத் திருப்பி அனுப்பப் போதும்.

நம் தோட்டத்திலேயே நாம் சிந்தியதற்கு என்ன செய்வது? ஆயில் இன்ஜின் ஓரத்தில் டீசல் கொட்டினால் சோப்புத் தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அது எண்ணெயை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ தூவி ஊறவிட்டு, கறை பட்ட மண்ணோடு சேர்த்து வெட்டி எடுங்கள். கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, மழை படாத இடத்தில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் குவியுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி தொழுவுரமோ பிண்ணாக்கோ கலந்து, நார்க்கழிவுக்கும் தழைச்சத்து வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் வைத்து, வாரம் ஒரு தடவை புரட்டிக் கொடுங்கள். நம் ஊர் வெயில் இதற்கு நல்ல கூட்டாளி; குளிர் நாட்டில் மெதுவாக நடப்பது இங்கே வேகமாக நடக்கும். வாடை போய், பயறு ஒழுங்காக முளைத்த பிறகு ஓர் ஓரத்தில் பரப்பி சோளமும் தக்கைப்பூண்டும் விதைக்கலாம். அந்த முதல் பயிரை மாட்டுக்குப் போடாதீர்கள். கீரையும் முள்ளங்கி, கேரட் மாதிரி கிழங்கும் அந்த இடத்தில் பல காலம் வேண்டாம். எண்ணெயின் சில கெட்ட பாகங்கள் கிழங்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் தெளிக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் "ஜீவாமிர்தம் எண்ணெயைப் போக்கும்" என்று அளந்து பார்க்காமல் மேடையில் சொல்லாதீர்கள். நம் வழிமுறைகளுக்குக் கெட்ட பேர் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதெல்லாம் டீசலுக்கு. இன்ஜினிலிருந்து வடித்த பழைய கருப்பு ஆயில் விஷயமே வேறு. அதில் தேய்ந்த உலோகத் துகளும், வெந்து வெந்து உருவான, எளிதில் உடையாத வளையக் கூட்டுப் பொருள்களும் இருக்கும். நுண்ணுயிர் எண்ணெயைத் தின்னும், ஈயத்தையும் துத்தநாகத்தையும் என்ன செய்யும்? உலோகம் எங்கேயும் போகாது. அதைச் செடி கொஞ்சம் உறிஞ்சினாலும் செடிக்குள்தான் இருக்கும். மடக்கி உழுதால் திரும்ப மண்ணுக்கே வந்துவிடும். பசுந்தாளை மடக்கி உழுது பழகிய நம் கை இங்கேதான் நிற்க வேண்டும். டிராக்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் ஆறேழு லிட்டர் வருகிறது. அதை வேலிக் கம்புக்குக் கரையான் வராமல் தடவுவது, வரப்பில் ஊற்றிக் களையைச் சாகடிப்பது, ஷெட் பின்னால் குழியில் விடுவது எல்லாம் இன்னும் நடக்கிறது, இயற்கைத் தோட்டம் என்று பலகை மாட்டிய இடங்களிலும். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் தயாரிப்பவர்களுக்கே விதிக்கப்பட்டிருக்கிறது. கேனில் பிடித்து வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்கிற வழியைச் சங்கமாகக் கேட்டு வாங்குவது நம் வேலை.

ஆழமாக இறங்கிவிட்ட எண்ணெய்க்குச் செடி கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் வீட்டுப் போர்களில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. வேர் இறங்கும் ஆழத்துக்குக் கீழே, நிலத்தடி நீரில் மிதக்கும் எண்ணெயை எந்த வெட்டிவேரும் எடுக்காது. அங்கே இயந்திரம் வேண்டும், வருடக் கணக்கில் பணம் வேண்டும். அந்தப் பணம் யார் தர வேண்டும் என்பதில் சட்டத்தில் குழப்பமே இல்லை. பாலாற்றுத் தோல் ஆலைக் கழிவு வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட மனுவில், 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மாசு செய்தவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவையும் தர வேண்டும். நம் மாநிலத்து மண்ணுக்காக வாங்கிய தீர்ப்பு. எண்ணெய் வயல் பக்கம் இருக்கும் உழவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். செடி வைக்கிறோம் என்று கம்பெனி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வைப்பதற்கு முன் மண்ணில் எண்ணெய் எவ்வளவு, எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையும் என்று எழுதித் தருகிறாயா, அதுவரை என் மகசூலுக்கு என்ன தருகிறாய்? எழுதித் தராவிட்டால் நாற்றோடு திருப்பி அனுப்பலாம்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. புறநகர் ஏரிகளைத் தூர்வாரும்போது எடுக்கிற வண்டலை, எண்ணெயும் உலோகமும் பார்க்காமல் உழவருக்கோ மாடித்தோட்டத்துக்கோ கொடுக்கக் கூடாது. நீர்வளத் துறை ஏரிக்கு நாலு இடத்தில் மண் எடுத்துச் சோதித்து, வந்த எண்களைத் தமிழில் எழுதி மதகுப் பக்கம் ஒரு பலகையில் மாட்ட வேண்டும். வரும் கோடையில் தூர்வாரும் வேலை தொடங்குவதற்கு முன் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பகுதி நண்பர்கள் சேர்ந்து இந்த மனுவைக் கொடுக்கலாம். மனுவின் வரைவு தயாராக இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.